ஓடுதளம் தொடாத ஊர்

லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுதளங்கள் மேற்கே முடியும் இடத்தில் பெர்ஷிங் டிரைவ் என்ற சாலை போகிறது. அதைத் தாண்டினால் மணல்மேடுகள். மணல்மேடுகளுக்கு அப்பால் விஸ்டா டெல் மார் என்ற கடற்கரைச் சாலை, பிறகு டாக்வைலர் கடற்கரை, பசிபிக் பெருங்கடல். இரண்டு சாலைகளுக்கும் நடுவே கம்பிவேலிக்குள் ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் கிடக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே அது வெறும் மணற்காடு அல்ல என்று தெரிந்துவிடும். தார் வெடித்து, வெடிப்பில் செடி முளைத்த தெருக்கள் வளைந்து வளைந்து மேடேறுகின்றன. சரிவைத் தாங்கிய தடுப்புச் சுவர் நிற்கிறது, யாரோ ஆசையாக வைத்த பனையினத்து அழகு மரங்கள் நிற்கின்றன, வீடுதான் இல்லை. சுமார் 800 வீடுகளோடு சர்ஃப்ரிட்ஜ் என்ற பெயரில் இருந்த குடியிருப்பின் மிச்சம் இது. 1965க்கும் 1979க்கும் இடையில் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி அந்த வீடுகளை விலைக்கு வாங்கியும் கட்டாயமாகக் கையகப்படுத்தியும் முழு ஊரையும் காலி செய்தது. விமான நிலையத்துக்காக அழிக்கப்பட்ட ஊர் என்று இதைப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நிலத்தில் ஓடுதளம் வரவில்லை. முனையமோ விமானக் கொட்டகையோ வாகன நிறுத்துமிடமோகூட வரவில்லை. அரை நூற்றாண்டு ஆகியும் விமான நிலையம் அங்கே பெரிதாக எதையும் கட்டவில்லை. அப்படியானால் ஊரை எதற்கு எடுத்தார்கள்? விமான நிலையம் இடம் கேட்டதால் சர்ஃப்ரிட்ஜ் அழியவில்லை. விமானத்தின் இரைச்சலுக்கு யார் பொறுப்பு என்பதை நீதிமன்றங்கள் ஒருவர் தலையிலும், விமானத்தை அடக்கும் அதிகாரத்தை இன்னொருவர் கையிலும் வைத்தன. அதனால் சத்தத்தைக் குறைப்பதைவிடச் சத்தத்தைக் கேட்பவர்களை அப்புறப்படுத்துவது எளிதாகப் போயிற்று. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஊரின் பிறப்பே ஒரு மனை வியாபாரம். 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் கண்மண் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், டிக்கின்சன் அண்டு கில்லெஸ்பி என்ற நிறுவனம் கடலைப் பார்த்த இந்த மணல்மேடுகளை பாலிசேட்ஸ் டெல் ரே என்ற பெயரில் மனை பிரித்து விற்றது. அந்த நிறுவனத்தின் முதன்மை ஆள் ஃபிரிட்ஸ் பர்ன்ஸ். தெற்குப் பகுதி மனைகளுக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி அறிவித்து, அதில் தேறிய பெயர்தான் சர்ஃப்ரிட்ஜ். விற்பனைப் பத்திரத்தில் நிபந்தனைகள் இருந்தன. வெளிச்சுவர் சாந்துப் பூச்சாகவோ செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும். மரப்பலகை வீடு கட்டக் கூடாது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்களாக இருந்தால் தவிர. இந்தக் கடைசி நிபந்தனையை மறைத்துவிட்டு சர்ஃப்ரிட்ஜை ஒரு தொலைந்துபோன சொர்க்கமாக எழுதுவது அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கிறது. இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. அதற்குள் ஊரின் நிறம் நிலைத்துவிட்டது. பிறகு இந்த உண்மைக்குத் திரும்பி வருவேன், ஏனென்றால் இழப்பீட்டுக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

விமான நிலையம் 1928இல் வந்தது. கோதுமையும் பார்லியும் அவரையும் விளைந்த 640 ஏக்கரை மாநகராட்சி குத்தகைக்கு எடுத்தது. இடத்தை முன்னின்று பேசி முடித்த நிலத்தரகரின் பெயரால் அதை மைன்ஸ் ஃபீல்டு என்று அழைத்தார்கள். 1937இல் மாநகராட்சி அதை விலைக்கே வாங்கிவிட்டது. முறையான பயணிகள் சேவை 1946 டிசம்பரில்தான் இங்கு தொடங்கியது. அதுவரைக்கும் மணல்மேட்டு வீடுகளுக்கும் விமானங்களுக்கும் பெரிய பகை இல்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கிற காட்சியாகத்தான் அவை இருந்தன. இடத்தின் இயற்கையில் ஒரு வில்லங்கம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இங்கே காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசுகிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும் என்பதால் கிழக்கிலிருந்து வந்து இறங்கி, மேற்கே கடலை நோக்கி எழும்புகிறது. கடலை அடையும் முன் அது கடக்கும் கடைசி நிலம் சர்ஃப்ரிட்ஜ். 1959 ஜனவரியில் போயிங் 707 இங்கிருந்து நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கியபோது இந்த வில்லங்கம் வெடித்தது. அந்தத் தலைமுறை ஜெட் எஞ்சின் மெலிந்த குழாய் போன்றது. கொதிக்கும் வாயுவை அது மிகுந்த வேகத்தில் பின்னால் கக்கும். அந்த வாயு சுற்றியிருக்கும் அமைதியான காற்றைக் கிழித்துக்கொண்டு கலக்கும்போது பிறப்பதுதான் இரைச்சல். விமானம் முழு விசையோடு தரையை விட்டுக் கிளம்பும் தருணத்தில் அது உச்சத்தில் இருக்கும். அந்தத் தருணத்தில்தான் விமானம் இந்த வீடுகளின் கூரைமேல் இருந்தது. ஜன்னல் அதிரும், பேச்சு பாதியில் நிற்கும். அது போனதும் தொடர்வதற்குள் அடுத்தது வரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தன் நிலத்துக்கு மேலே உள்ள வானம் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற பழைய கொள்கை விமான யுகத்தில் செல்லுபடியாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு கதவைத் திறந்தது. வட கரோலினாவில் காஸ்பி என்பவரின் கோழிப்பண்ணைக்கு மேல் ராணுவ விமானங்கள் தாழப் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன, மொத்தம் சுமார் 150. இவ்வளவு தாழப் பறந்து நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் செய்தால், அது அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், எனவே இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். 1962இல் பிட்ஸ்பர்க் விமான நிலைய வழக்கில் அடுத்த கேள்வி வந்தது. வீட்டின் சுவர்ப்பூச்சு உதிர்கிறது, தொலைபேசியில் பேச முடியவில்லை. பணத்தை யார் தருவது? விமானத்தை ஓட்டுகிற நிறுவனமா, பாதையை வகுக்கிற ஒன்றிய அரசா, விமான நிலையத்தைக் கட்டிய உள்ளாட்சியா? உள்ளாட்சிதான் என்று தீர்ப்பானது. ஓடுதளத்துக்கு நிலம் வாங்கியதுபோல, விமானம் ஏறும் வழிக்கும் போதிய இடத்தை அது வாங்கியிருக்க வேண்டும் என்பது வாதம். பிறகு 1973இல், பர்பேங்க் நகரம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்று போட்ட உத்தரவு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது ரத்தானது. வான்வழியும் அதன் இரைச்சலும் ஒன்றிய அரசின் அதிகாரம் என்றார்கள். மூன்று தீர்ப்புகளையும் எழுதியவர் ஒருவரே, நீதிபதி வில்லியம் டக்ளஸ். தனித்தனியே படித்தால் மூன்றும் நியாயமாகத்தான் தெரிகின்றன. சேர்த்துப் படித்தால் ஒரு பொறி தெரிகிறது: இரைச்சலுக்குப் பணம் கட்டுகிறவனுக்கு இரைச்சலை நிறுத்தும் அதிகாரம் இல்லை, நிறுத்தும் அதிகாரம் உள்ளவனுக்குப் பணம் கட்டும் கடமை இல்லை.

கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் இந்தப் பொறியை இன்னும் இறுக்கியது. 1970களின் தொடக்கத்தில் மாநிலம் கொண்டுவந்த இரைச்சல் விதிகள் ஒரு நாள் முழுவதும் எழும் சத்தத்தை ஒரே அளவாகத் திரட்டின; மாலை விமானத்துக்குக் கூடுதல் எடை, இரவு விமானம் ஒன்று பகல் விமானம் பத்துக்குச் சமம். அந்த அளவை வைத்து விமான நிலையத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குள் வீடு இருந்தால் விதிமீறல். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. விதிமீறலைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. சத்தத்தைக் குறைத்துக் கோட்டைச் சுருக்கலாம், அல்லது கோட்டுக்குள் இருக்கும் வீட்டை வீடாக இல்லாமல் ஆக்கலாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றே. மறுபக்கம் வழக்குகள் குவிந்தன. 1972இல் சான்டா மோனிகா விமான நிலைய வழக்கிலும், 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சிக்கு எதிராக வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கிலும் மாநில நீதிமன்றங்கள் குடியிருப்போர் பக்கம் சாய்ந்தன. 1979இல் விமான நிலையத்தை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் பகுதி வீட்டுக்காரர்கள் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: வீட்டின் விலை குறைந்ததற்கு மட்டுமல்ல, இரைச்சலால் மனிதர் பட்ட அவதிக்கும் மாநகராட்சி பணம் தர வேண்டும். கணக்குப் போடத் தெரிந்த எந்த அதிகாரியும் இதிலிருந்து எடுக்கும் முடிவு ஒன்றுதான். ஒருவர் அங்கே குடியிருக்கும்வரை அவர் மறுபடி வழக்குப் போடலாம். வீட்டை ஒருமுறை வாங்கிவிட்டால் அத்தோடு முடிந்தது.

அந்த முடிவு எப்படி நடைமுறையானது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சர்ஃப்ரிட்ஜை ஒரே நாளில் இடிக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். விமான நிலையம் வாங்கிய வீடு இடிக்கப்பட்டது, அல்லது லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகப்பட்டது. மரச்சட்டத்தின்மேல் சாந்து பூசிக் கட்டிய அமெரிக்க வீட்டுக்கு அது இயலும். ஒரு வீடு போனால் தெருவில் ஒரு பல் விழுந்த மாதிரி. நாலு வீடு போன பிறகு, விற்க மனமில்லாதவரும் யோசிக்கத் தொடங்குகிறார்: பக்கத்தில் ஆள் இல்லை, ராத்திரியில் காலி வீடுகளில் யாரோ நுழைகிறார்கள், கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை, நாளைக்கு என் வீட்டை மாநகராட்சியைத் தவிர யார் வாங்குவார்? இப்படி, விற்றவர்களின் முடிவே விற்காதவர்களின் முடிவையும் எழுதிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் வந்த கட்டாயக் கையகப்படுத்தல் ஏற்கெனவே செத்த ஊருக்குச் செய்த சடங்குதான். சட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக விலை போட்டது. இரைச்சலால் ஏற்கெனவே மதிப்பிழந்த வீட்டுக்கு எந்த விலை நியாயம் என்று வழக்கும் நடந்தது. அயலார், தெரு, குழந்தைகள் ஒன்றாகப் படித்த பள்ளி, கடலுக்கு இறங்கும் பாதை ஆகியவை எந்தப் பத்திரத்திலும் இல்லாததால் அவற்றுக்கு விலையும் இல்லை. 800 விற்பனைகள் நடந்தன. ஓர் ஊர் போனதற்கு என்று ஒரு ரசீதுகூட எழுதப்படவில்லை.

இதற்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம் வலுவானது. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகரத்துக்கு விமான நிலையம் இன்றியமையாதது, அதை வேறிடத்துக்கு மாற்ற முடியாது, கடலோரத்தில் 800 வீடுகள் என்பது லட்சக்கணக்கானோரின் நன்மைக்கு முன் சிறிய விலை என்பார்கள். நன்மை பெரிது என்பதை மறுக்கவில்லை. வேறு வழியே இல்லை என்பதைத்தான் மறுக்கிறேன். அதே மாநகராட்சி அதே காலத்தில் மலைக்கு அப்பால் பாம்டேலில் 17,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, அங்கே பெரிய பன்னாட்டு விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்தது. அது எழும்பவே இல்லை. இதைவிட முக்கியமானது எஞ்சின். 1969இலேயே ஒன்றிய அரசு புதிய விமான வகைகளுக்கு இரைச்சல் வரம்பு விதித்துவிட்டது. 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747இன் எஞ்சினில் முன்னாலிருக்கும் பெரிய விசிறி குளிர்ந்த காற்றைக் குறைந்த வேகத்தில் சூடான வாயுவைச் சுற்றித் தள்ளுகிறது, இரைச்சல் அமுங்குகிறது. அந்த வகை எஞ்சின் அடுத்த இருபதாண்டுகளில் எங்கும் பரவியது. பழைய இரைச்சல் விமானங்களை 1999 இறுதிக்குள் ஒழிக்க வேண்டும் என்று 1990இல் சட்டமே வந்தது. அதாவது, சர்ஃப்ரிட்ஜின் கடைசி வீடு போன காலத்தில், அந்த வீட்டைப் போக வைத்த எஞ்சினும் போகும் வழியில்தான் இருந்தது. பர்பேங்க் தீர்ப்புகூட ஒரு சந்து விட்டுவைத்திருந்தது. நகராட்சி என்ற அதிகாரத்தில் தடை போடக் கூடாதே தவிர, விமான நிலையத்தின் உரிமையாளர் என்ற முறையில் சில கட்டுப்பாடுகளை விதிக்கலாமா என்ற கேள்வியை நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் தன் விமான நிலையத்தின் உரிமையாளர். அந்தச் சந்தில் நுழைந்து பார்த்திருக்கலாம். இரவு விமானங்களைக் கிழக்கே குடியிருப்புகளின் மேலாக விடாமல் கடல் பக்கமாகவே ஏறி இறங்கச் செய்யும் ஏற்பாட்டை அது 1970களில் செய்தது, எண்ணிக்கையில் கைவைக்கவில்லை. விமானம் குறைந்தால் வருமானம் குறையும், வியாபாரம் போட்டி நகரத்துக்குப் போகும். அந்தப் பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். அது ஒரு தேர்வு, தேவை அல்ல. இரவு ஏற்பாட்டைப் பார்த்தால் காலி நிலம் சும்மா கிடக்கவில்லை என்பதும் புரியும். காது இல்லாத நிலமாக இருப்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இரண்டாவது வாதம் குடியிருந்தவர்களைக் குற்றம் சொல்கிறது: விமான நிலையம் பக்கத்தில் இருப்பது தெரிந்தே வந்தவர்கள் சத்தம் என்று புகார் சொல்லலாமா? சர்ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை கால வரிசையே இதற்குப் பதில் சொல்கிறது. மனை விற்பனை விமான நிலையத்துக்கு முந்தியது. 1950களின் தொடக்கத்தில் வந்தவர்கள்கூட வாங்கியது ப்ரொப்பெல்லர் விமானங்களின் அயலை. 707இன் அயலை அல்ல. பின்னால் வந்தவர்கள் விஷயத்தில் மட்டும் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. ஆனால் வெஸ்ட்செஸ்டர் போன்ற புறநகர்களில் விமான நிலையத்தை ஒட்டி வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார்? விமான நிலையத்தை நடத்திய அதே மாநகராட்சி. ஒரு கையால் மனை அங்கீகாரமும் மறு கையால் ஓடுதள நீட்டிப்பும் கொடுத்தவர் வாங்கியவரை மட்டும் முட்டாள் என்று சொல்ல முடியாது. நம் ஊர்களில் ஏரியில் மனை போட அனுமதித்துவிட்டு வெள்ளம் வந்ததும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

மூன்றாவது எதிர்ப்பு இடதுசாரிகளிடமிருந்து வரும். அதுவே எனக்குக் கடினமான எதிர்ப்பு. கடலைப் பார்த்து வீடு வைத்திருந்த வெள்ளைக்காரர்கள், நிறத்தால் மற்றவர்களைத் தள்ளி வைத்த ஊர், பணமும் வாங்கிக்கொண்டு போனவர்கள். இவர்களுக்காக இவ்வளவு கண்ணீரா? அதே கடற்கரையில் சில மைல் தெற்கே மன்ஹாட்டன் பீச்சில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். அங்கே புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் 1912இல் நிலம் வாங்கிக் கறுப்பினத்தவருக்கான கடற்கரை விடுதி நடத்தினார்கள். 1924இல் நகராட்சி பூங்கா அமைப்பதாகச் சொல்லி, அதே கட்டாயக் கையகப்படுத்தல் அதிகாரத்தைக் கொண்டு அதை எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கி, நிலத்தைப் பறித்தது. பல பத்தாண்டுகள் அங்கே பூங்கா வரவில்லை. 2022இல்தான் அந்த நிலம் வாரிசுகளுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே அவர்கள் அதை ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்திடம் விற்றார்கள். சர்ஃப்ரிட்ஜ்காரர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார், கேட்க நீதிமன்றம் இருந்தது, சந்தை விலை கிடைத்தது. விமானங்கள் இறங்கும் கிழக்குப் பக்கத்தில் இங்கிள்வுட், லெனக்ஸ் ஆகிய இடங்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் குடியேறி, இரைச்சலின் கீழேயே தங்கிவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் வந்தது இரட்டைக் கண்ணாடி ஜன்னல்தான். ஆகவே சர்ஃப்ரிட்ஜ் அநீதியின் உச்சம் அல்ல. ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. பணம், நிறம், பத்திரம், நீதிமன்றம் என எல்லாம் சாதகமாக இருந்த ஊருக்கே சட்டம் தர முடிந்தது வெளியேறுவதற்கான விலை மட்டும்தான். அங்கேயே அமைதியாக இருப்பதற்கான உரிமையை அது தரவில்லை. இவற்றில் எதுவும் இல்லாத ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நான்காவதாகச் சொல்லப்படுவது ஒரு பட்டாம்பூச்சி. கைவிரல் நகம் அளவே உள்ள எல் செகுண்டோ நீலப் பட்டாம்பூச்சிக்கு இந்த மணல்மேடுதான் வீடு. கடற்கரை பக்வீட் என்ற ஒரே ஒரு புதர்ச்செடியின் பூங்கொத்தில் அது முட்டையிடும். அதன் புழு அந்தப் பூவைத் தின்றே வளரும், எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். கூட்டுப்புழு செடியின் அடியில் மணலில் காத்திருந்து, கோடையில் அதே செடி பூக்கும்போது வெளியே வந்து சில நாள் வாழும். வீடுகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சாலைகளும் மணல்மேடுகளைத் தின்றதில் அது அழியும் நிலைக்கு வந்து, 1976இல் ஒன்றிய அரசின் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் ஏறியது. காலியான சர்ஃப்ரிட்ஜில் கோல்ஃப் மைதானம் போட 1980களில் மாநகராட்சி யோசித்தபோது குறுக்கே நின்றது இந்தப் பூச்சிதான். சுமார் 200 ஏக்கர் அதன் சரணாலயமானது, அதன் எண்ணிக்கையும் பல மடங்கு பெருகியது. இது நல்ல விளைவு. ஆனால் விளைவைக் காட்டி நோக்கத்தை நியாயப்படுத்த முடியாது. வீடுகளை எடுத்தபோது யாருக்கும் பூச்சி நினைவில் இல்லை. 1975இல் சாலை வேலைக்குப் பிறகு மண்ணைப் பிடிக்க விமான நிலையம் விதைத்தது வேறு வகை பக்வீட். அது முன்னதாகவே பூத்து, நீலப் பட்டாம்பூச்சிக்குப் போட்டியான பூச்சிகளை வளர்த்துக் கெடுதல்தான் செய்தது. பிறகு ருடி மட்டோனி போன்ற பூச்சியியலாளர்கள் அந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சரியான செடியை மீட்க வேண்டியிருந்தது. பூச்சியின் உயிரைக் காத்தது அழிந்துவரும் உயிரினச் சட்டம். அந்தச் சட்டம் வாழிடம் முழுவதையும் ஒரு பொருளாகப் பார்க்கிறது, செடி செடியாக விலை பேசுவதில்லை. மனிதக் குடியிருப்பை அப்படிப் பார்க்கும் சட்டம் அங்கே இல்லை.

பத்திரத்தை மட்டும் பார்த்து விலைபோடும் இந்தக் கணக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கு மட்டும் உரியதல்ல. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாவின் புதிய விமான நிலையத்துக்காக, குலோன் ப்ரோகோ கடற்கரை மணலில் தலைமுறை உழைப்பால் மிளகாயும் தர்ப்பூசணியும் விளைவித்த உழவர்களின் நிலம் எடுக்கப்பட்டது. பலர் பணம் வாங்கினார்கள். மறுத்தவர்களின் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, 2017 இறுதியில் அவர்களின் வீட்டு மின்சாரத்தைத் துண்டித்து, சுற்றியிருந்த மண்ணைத் தோண்டினார்கள். 2019இல் அங்கே விமானம் இறங்கியது. மணிலா விரிகுடாவில் புலக்கான் மாகாணத்துத் தலிப்டிப்பில் மீன்பிடித்து வாழ்ந்த சுமார் 700 குடும்பங்கள், தனியார் நிறுவனம் கட்டும் விமான நிலையத்துக்காகத் தங்கள் திட்டுகளை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பலருக்கு நிலப் பத்திரமே இல்லை. கடல் யாருக்கும் பட்டா தருவதில்லை. வலை உலர்த்தும் கரைக்கும் சிப்பி எடுக்கும் சேற்றுக்கும் எந்த அலுவலகத்திலும் பதிவு இருக்காது. பத்திரத்தை மட்டும் பார்த்து இழப்பீடு கணக்கிடும் முறையில் கடலோரத்து ஊர்கள் எப்போதும் அடிமாட்டு விலைக்குப் போவதன் காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் பலாலி விமானத் தளத்தை அடுத்த மயிலிட்டி வேறு வகை. அங்கே மக்களை விரட்டியது போர். ஆனாலும் 1990இல் ஊரை விட்டு ஓடிய மீனவர்களுக்குத் தங்கள் துறைமுகத்தைத் திரும்பப் பார்க்க 2017 வரை ஆயிற்று. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமான நிலம் முழுவதும் விடுபடுவதற்கு முன்பே, 2019இல் பலாலி யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரில் சென்னை விமானத்தை வரவேற்றது. விமான நிலையங்களின் எல்லை எப்போதும் வெளிநோக்கியே நகர்கிறது. ஒருமுறை காலியான நிலம் திரும்பி வருவது அரிது.

இதிலிருந்து புதிய விமான நிலையமே கூடாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. தேவைப்படுவது, பொறுப்பையும் அதிகாரத்தையும் ஒரே இடத்தில் வைப்பது. இரைச்சலுக்குப் பணம் கட்டுகிற அமைப்புக்கு இரவு விமானங்களைக் கட்டுப்படுத்தும் உரிமையும் இருந்திருந்தால், சர்ஃப்ரிட்ஜை வாங்குவதா அல்லது சில விமானங்களைக் குறைப்பதா என்று உண்மையான ஒப்பீடு நடந்திருக்கும். நடக்கவில்லை, ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும்தான் மேசைமேல் இருந்தது. இன்று கையகப்படுத்தல் அறிவிப்பு வரும் எந்த ஊரிலும் மக்கள் கையில் கிடைப்பது ஓடுதளமும் முனையமும் வரைந்த எல்லை வரைபடம்; எந்தச் சர்வே எண் போகிறது, எது தப்பிக்கிறது என்று அதில் தேடுகிறார்கள். தப்பித்த சர்வே எண்ணில்தான் அடுத்த தலைமுறையின் சர்ஃப்ரிட்ஜ் இருக்கும். உங்கள் பக்கத்தில் விமான நிலையம் வரப்போகிறது என்றால், எல்லை வரைபடத்தோடு நிற்காமல், முழுத் திறனில் இயங்கும்போது இரைச்சல் கோடு எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தையும், இரவு விமானங்களுக்கு என்ன வரம்பு என்பதையும், அந்த வரம்பை மீறினால் யார் பணம் கட்டுவார் என்பதையும் கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். முதல் செங்கல் வைத்த பிறகு அந்தக் கேள்விக்கு வரும் ஒரே பதில் உங்கள் வீட்டின் விலை.